சுகிர்தனுக்குத் தெரிவு செய்த பரண்

வலது தோள் இரண்டு வருடமாகச் சரியில்லை. கையைக் காதுக்கு மேலே தூக்கினால் உள்ளே கல் அரைபடுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். பிறகு விரல்நுனி வரை விறைத்துவிடும். அதனால் இந்தக் கதிரையில் கொஞ்சம் சரிந்துதான் உட்காருவேன். மரியாதைக் குறைவு என்று நினைக்கவேண்டாம்.

மொழிபெயர்க்க வந்திருக்கும் அம்மா சென்னைப் பக்கம்போல. "கதிரைன்னா சேர்தானே சார்? கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்கிறார். மெதுவாகவே சொல்கிறேன், அம்மா. எனக்கு அவசரமில்லை. இப்படி ஒரு மேசை, இப்படி ஒரு தண்ணீர்க் கிளாஸ், நடுவில் இப்படி ஒரு ஒலிப்பதிவுப் பெட்டி, எல்லாம் எனக்குப் பழக்கமானவை. நாளையும் நேரத்தையும் பிசகாமல் சொல்லவேண்டும் என்பதும் தெரியும்.

பெயர் பேர்னாட். ஊர் மன்னார், பேசாலை. பத்து வயதில் கரைவலை இழுக்கத் தொடங்கிய கை இது. பள்ளிக்கூடம் அதிகமில்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் படகில் வந்தேன். மனைவி மாக்கிறேட்டும் மகள் கிறிஸ்ரினாவும் ஊரில் இருக்கிறார்கள். நான் புறப்படும்போது மகளுக்கு நாலு வயது, இப்போது பதினேழு. ரெலிபோனில் "ஓம் அப்பா", "சரி அப்பா" என்பாள். அதற்கு மேல் என்னோடு கதைக்க அவளிடம் ஒன்றுமில்லை. அது அவள் பிழையுமில்லை. எனக்கு நிரந்தர விசா கிடைத்தால்தான் அவர்களை இங்கே எடுக்கலாம். இந்த நாட்டில் நான் இருந்ததற்கு வேறு காரணம் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சமெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

சுகிர்தன் என்னோடு அதே படகில் வந்தவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். இங்கே எங்களை வைத்திருந்த தடுப்பு முகாமில் எனக்குப் பக்கத்துக் கட்டில். அங்கே எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. விசா விசாரணையில் சொல்லவேண்டிய அவரவர் கதையை அடுத்தவனிடம் சொல்லிப் பார்ப்போம், பரீட்சைக்கு முன் பாடம் ஒப்புவிப்பதுபோல. ஒருவன் அதிகாரியாக இருந்து கேட்பான், மற்றவன் பதில் சொல்லுவான். எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை பேர், வாகனம் என்ன நிறம். நான் சுகிர்தனிடம் என் தம்பி எறிக்கின் கதையைச் சொன்னேன். வலை காயப்போட்டிருந்த இடத்துக்கு வாகனத்தில் ஆட்கள் வந்து எறிக்கை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. ஒற்றைச் செருப்பு மட்டும் மணலில் கிடந்தது. அந்தச் செருப்பைச் சொல்லும்போது சுகிர்தன் கண்ணைத் துடைத்தான்.

"அண்ணை, இதை இப்பிடியே சொல்லுங்கோ. ஆரும் நம்புவினம்" என்றான்.

நம்பவில்லை.

எங்களை விசாரணைக்குக் கூப்பிட நாலு வருடத்துக்கு மேல் எடுத்தது. சுகிர்தனை என்னைவிட ஐந்து கிழமை முன்னால் கூப்பிட்டார்கள். கிழமை என்றால் வாரம், அம்மா. அவனுக்குக் கிடைத்தது. எனக்கு மறுத்தார்கள். மறுப்புக் கடிதம் இருபத்திரண்டு பக்கம். அதை ஒருவர் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். வாகனத்தை முதலில் கரும்பச்சை என்றும் பிறகு கறுப்பு என்றும் சொன்னேனாம். ஆட்களின் எண்ணிக்கையில் முரணாம். பதினாலாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: இப்படியான சம்பவத்தை வேறு விண்ணப்பதாரர்களும் இதே விதமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று. அந்த வரியை மட்டும் திரும்பவும் வாசிக்கச் சொன்னேன். வாசித்தவர் பேனையால் அடிக்கோடு போட்டுத் தந்தார்.

ஒரு மனிதர் ஐந்து கிழமைக்குள் அதே ஒற்றைச் செருப்பை இரண்டாம் முறை கேட்டால் அவருக்குச் சலிக்கத்தான் செய்யும். அந்த அதிகாரி மீது எனக்குக் கோபம் இல்லை.

மேன்முறையீடு, நீதிமன்றம், அமைச்சருக்கு மனு என்று எட்டு வருடம் போனது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தற்காலிக விசாத் தாள் வரும். அதைக் காட்டி ஸ்கஃபோல்டிங்கில் வேலை செய்தேன். புதுக் கட்டடங்களைச் சுற்றிக் குழாயும் பலகையும் பூட்டுவோம், பிறகு கழற்றுவோம். தோள் அங்கேதான் போனது. சுகிர்தன் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளன் ஆனான், நிரந்தரம் ஆனான். இந்த நாட்டிலேயே வென்ட்வேர்த்வில்லில் வளர்ந்த நிஷானியைக் கட்டி வெரிபீயில் வீடு வாங்கினான். அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை. என் அறையை விடச்சொல்லி வீட்டுக்காரன் நின்றபோது அவன்தான் எனக்கு ரெலிபோன் அடித்தான். "அண்ணை, முன் அறை சும்மா கிடக்கு. சாமானைத் தூக்கிக்கொண்டு வாங்கோ" என்றான். போனேன். நான்கு வருடமாகிறது. அவன் கெட்டவன் என்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பொயிண்ட் குக்கில் சிறி என்பவர் வீட்டில் ஒரு பிறந்தநாள். அவர் எல்லோரையும் கிண்டிக் கதைக்கிற ஆள். "அது சரி சுகிர்தன், எங்கட ஆக்கள் எத்தினை பேர் விசாவுக்குத் தொங்கிக்கொண்டு நிக்கினம். உனக்கு மட்டும் என்னண்டு முதல் தரத்திலயே விழுந்தது?" என்று கேட்டார்.

சுகிர்தன் என் தோளில் கையைப் போட்டான். "பேர்னாட் அண்ணையிட்ட டியூஷன் எடுத்தனான். வாத்தியார் பெயில், மாணவன் பாஸ்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கையில் ஒரு கட்லட் இருந்தது. அதைச் சாப்பிட்டு முடித்து இன்னொன்று எடுத்தேன். நன்றாகச் செய்திருந்தார்கள்.

அன்றைக்கே முடிவெடுத்தேன் என்று எழுதவேண்டாம். அன்றைக்கு எனக்கு விளங்கியது, அவ்வளவுதான். பதினாலாம் பக்கத்தில் பெயர் இல்லாமல் இருந்த ஆளுக்குப் பெயர் கிடைத்தது.

வேட்டைப் பழக்கம் அவனுக்கு வேலையிடத்து வெள்ளைக்காரரால் வந்தது. துவக்கு வேண்டாம் என்று நிஷானி சொன்னதால் வில் வாங்கினான். அனுமதிப் பத்திரம் எடுத்தான். மேன்ஸ்ஃபீல்ட் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரர் தன் காணிக்குள் வந்து மான் அடிக்க விட்டார், புல்லையெல்லாம் அவை தின்கின்றன என்று. அங்கே நிற்பது சின்ன மான் இல்லை. எங்கள் நாட்டில் மரை என்று சொல்லுவோமே, அதுதான், மாட்டளவு இருக்கும். "மரையும் எங்கட ஆக்கள்தான் அண்ணை. சிலோனில இருந்தும் கப்பலில கொண்டுவந்து விட்டவங்களாம். இறங்கின உடன பி.ஆர். விசா. ஒரு இன்ரவியூவும் இல்லை" என்று சுகிர்தன் சொல்லுவான். பகிடி விடுவதில் கெட்டிக்காரன்.

மரைக்கு மூக்கு கூர்மை. நிலத்தில் நின்றால் மணம் பிடித்துவிடும். அதனால் மரத்தில் ஒரு தட்டைக் கட்டி உயரத்தில் இருக்கவேண்டும். பரண்தான். கடைகளில் செய்து விற்கிறார்கள். போன வருடம் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை என்னையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"நீங்கள்தானே அண்ணை உயரத்தில வேலை செய்த ஆள். பார்த்து ஒண்டைத் தெரிஞ்சு தாங்கோ. நான் கார்டைத் தட்டுறன்."

மூன்று வகை இருந்தன. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். முதலாவது ஏணியோடு சேர்ந்தது. இருபத்தைந்து கிலோவுக்கு மேல். மூன்றிலும் விழுவதற்குக் குறைந்த வாய்ப்பு அதில்தான். "இதை மலையில ஆர் தூக்கிறது?" என்று கேட்டேன். அவனும் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். இரண்டாவது, மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மயிர்க்கொட்டிப் புழுபோல ஏறுகிற வகை. அதற்கு அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனான மரம் வேண்டும். இந்த நாட்டு யூகலிப்டஸ் அடி பருத்து மேலே மெலியும், பட்டையும் உரியும். சரிவராது என்றேன். மூன்றாவது தொங்கு பரண். ஆறு கிலோ அலுமினியத் தட்டு, ஒரு சின்ன இருக்கை, மரத்தோடு சேர்த்து இறுக்க இரண்டு பட்டி. துண்டு துண்டான ஏணிக் கட்டைகளை மரத்தில் பூட்டி ஏறி, மேலே போனதும் பக்கவாட்டில் தட்டுக்குக் கால் வைக்கவேண்டும். ஏணியிலிருந்து தட்டுக்கு மாறும் அந்த ஒரு எட்டில்தான் ஆட்கள் விழுவது. அந்த நொடியில் முழுப் பாரமும் ஒரு ஓரத்தில் போய் நிற்கும். பதினொரு வருடம் பலகையில் நின்றவனுக்கு அது தெரியும்.

"இதுதான் சரி" என்றேன். "பாரமில்லை. எந்த மரத்துக்கும் கட்டலாம்."

நான் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் உண்மை. எந்த வேட்டைக்காரரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவார். தட்டு நூற்று முப்பத்தாறு கிலோ தாங்கும் என்று ஒட்டியிருந்தது. சுகிர்தன் தொண்ணூற்றெட்டுக் கிலோ. சப்பாத்து, பை, வில் எல்லாம் சேர்த்தாலும் நூற்றுப் பத்து. நான் கணக்குப் பார்க்காமல் விடவில்லை. நாலு மீற்றர் உயரம் போதும் என்றான் கடைப் பெடியன். ஆறு மீற்றரில் கட்டினால் மணம் மேலாலே போய்விடும் என்று நான் சொன்னேன். அதுவும் உண்மை.

பெட்டியில் வந்த பட்டிகள் புதியவை. பிழை சொல்ல ஒன்றுமில்லை. "கடைப் பட்டியை நம்பேலாது, சுகிர்தன். எங்கட யார்ட்டில பாரம் கட்டுற பட்டி கிடக்கு. ரெண்டு தொன் தாங்கும். நான் கொண்டு வாறன்" என்றேன். "உங்களை விட்டா ஆர் அண்ணை" என்று முதுகில் தட்டினான்.

ஸ்கஃபோல்டிங் சாமான் வைக்கும் அந்த யார்ட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. வெயிலில் கிடந்து நிறம் போன பட்டி, ஓரம் வெட்டுப்பட்ட பட்டி, மின்பற்றவைப்புப் பொறி விழுந்த பட்டி, இவற்றுக்கெல்லாம் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டி நீலத் தொட்டியில் போடுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி எறியவேண்டும், யாரும் மறந்துபோய் எடுத்துக் கட்டிவிடக்கூடாது என்பதற்காக. தோள் போன பிறகு எனக்குத் தந்த இலேசான வேலைகளில் அது ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பட்டிகளை வெட்டாமல் எடுத்துக்கொண்டு வந்தேன். சீட்டைக் கழற்றினேன். சவர்க்காரத் தூளில் ஊறப்போட்டுக் கழுவினேன். பட்டி கழுவினால் பார்வைக்குப் பழசு தெரியாது.

நிஷானி பின் வளவில் உடுப்புக் கொடியில் அவை தொங்குவதைக் கண்டாள். "அண்ணை, உதென்ன பெல்ட்?"

"உன்ர மனிசனைக் கட்டிவைக்க."

"நல்லா இறுக்கிக் கட்டுங்கோ. சனி ஞாயிறு வீட்டில நிக்கிறாரில்லை" என்று சிரித்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

மே மாதம் மூன்றாம் திகதி போய்ப் பரணைக் கட்டினோம். மரத்தையும் நான்தான் பார்த்தேன். பட்டை உரிந்து வழுவழுப்பான மரம், அடியிலிருந்து கொஞ்சம் சரிவு. அந்தச் சரிவு மரை வரும் பாதையைப் பார்த்திருந்ததால் அவனுக்குப் பிடித்துக்கொண்டது. தோள் வலியோடு ஏறி, வெட்டு விழுந்த ஓரம் மரத்தோடு ஒட்டியிருக்கும்படி பட்டிகளைச் சுற்றி இறுக்கினேன். பிறகு தட்டில் ஏறி நின்று இரண்டு முறை குதித்துக் காட்டினேன். அசையவில்லை. சுகிர்தன் கீழே நின்று கைபேசியில் படம் எடுத்தான். நான் அறுபத்தொரு கிலோ.

பட்டிகளை மரத்தில் விட்டு வரக்கூடாது என்று பெட்டியில் வந்த தாளில் இருக்கிறது. வெயிலும் மழையும் அவற்றைத் தின்னும். இரண்டு கிழமை விட்டு வந்தோம். கழற்றிப் பூட்ட என் தோள் இடம் தராது என்றேன். அவன் உடனே சரி என்றான். என் தோளில் எனக்கிருந்ததைவிட அவனுக்கு அக்கறை அதிகம்.

மே பதினாறு வெள்ளி பின்னேரம் இரண்டாம் முறை புறப்பட்டோம். நிஷானி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காரடிக்கு வந்தாள். உடம்பைச் சுற்றிக் கட்டி மரத்தோடு கொழுவுகிற ஹார்னஸ் அவள் கையில் இருந்தது. சுகிர்தன் அதைக் கதவடியில் விட்டுவிட்டு வந்திருந்தான்.

"அண்ணை, இவர் இதைப் போடுவாரோ? இடுப்புக்குப் பத்தாதெண்டு சாட்டுச் சொல்லுறார்."

"பலகையில நிக்கிற அண்ணைமார் ஒருத்தரும் போடுறேல்லையாம்" என்றான் சுகிர்தன். அதை அவனுக்குச் சொன்னவன் நான்தான். ஹார்னஸ் வில்லை இழுக்க விடாது, கொழுக்கிச் சத்தத்துக்கு மரை ஓடிவிடும் என்றும் சொல்லியிருந்தேன். முதலாவது கொஞ்சம் உண்மை.

நான் ஹார்னஸை வாங்கிக் கார் டிக்கியில் போட்டேன். "நான் பார்த்துக்கொள்ளுறன், தங்கச்சி."

"நீங்கள் நிக்கிறியள் எண்டபடியாத்தான் விடுறன்" என்றாள்.

இரவு கூடாரத்தில் படுத்தோம். சுகிர்தன் நன்றாகத் தூங்கினான். விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் மரத்தடிக்குப் போனோம். மரம் பனியில் நனைந்திருந்தது. ஹார்னஸ் டிக்கியிலேயே இருந்தது. அவனும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. அவன் ஏறினான். ஏணியின் மேல்கட்டையிலிருந்து வலது காலைத் தட்டில் வைத்தான், பிறகு இடது காலையும் எடுத்தான். மேல் பட்டி விட்டது. பெரிய சத்தம் இல்லை. ஈரத் துணியை உதறுவதுபோல. தட்டு கீழ்ப் பட்டியில் சுழன்று தொங்கியது. அவன் முதுகடிபட விழுந்தான். நேரம் ஏழு இருபத்தைந்து.

நான் அவனைத் தள்ளவில்லை. தொடவும் இல்லை.

உயிர் இருந்தது. நினைவும் தெளிவாக இருந்தது. அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. விழுந்தவுடன் முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அண்ணை, கால் ரெண்டும் இல்லைப்போல கிடக்கு."

"இருக்கு. அசையாதை."

"போனை எடுங்கோ."

அந்தப் பள்ளத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. இருபது நிமிடம் நடந்து மேட்டுக்குப் போகவேண்டும். அதை அவனுக்குச் சொன்னேன். "அப்ப ஓடுங்கோ அண்ணை" என்றான். பக்கத்தில் ஒரு விழுந்த மரம் கிடந்தது. நான் அதில் உட்கார்ந்தேன்.

"போறன். முதல் ஒண்டு கேக்கவேணும். உன்ர இன்ரவியூவில என்ன சொன்னனி?"

அவனுக்கு விளங்கவில்லை. நான் திரும்பக் கேட்டேன். எந்த இன்ரவியூ என்றான். விசா இன்ரவியூ என்றேன். அவன், சொன்னால்தான் நான் எழும்பிப் போவேன் என்று விளங்கிக்கொண்டு சொல்லத் தொடங்கினான்.

"என்ர சித்தப்பான்ர மகன்... பிரஷாந்தன். சாவகச்சேரியில... பேக்கரியில நிண்டவன். எனக்கு முன்னாலதான் ஏத்தினவங்கள்."

"நாள்?"

"ரெண்டாயிரத்து ஏழு. ஓகஸ்ட் பதினாறு."

"எத்தினை பேர் வந்தவை?"

"மூண்டு."

"செருப்பு?"

"என்ன செருப்பு அண்ணை?"

பிளாஸ்கில் தேத்தண்ணி இருந்தது. ஊற்றினேன். அவனுக்கும் கொஞ்சம் வாயில் விட்டேன். அது வெளியே வழிந்துவிட்டது. மற்றக் கேள்விகளையும் கேட்டேன். வாகனம் என்ன நிறம், யார் முதலில் இறங்கினது, நீ எங்கே நின்றனி. எனக்குக் கேட்ட அதே ஒழுங்கில் கேட்டேன். அந்தக் கேள்விகள் எனக்கு மனப்பாடம். அரை மணித்தியாலம் கழித்து ஆட்களின் எண்ணிக்கையைத் திரும்பக் கேட்டேன். இந்த முறை நாலு பேர் என்றான். முதலில் மூன்று என்றான், பிறகு நாலு. நான் அதை மனதில் குறித்துக்கொண்டேன். உண்மை சொல்கிற ஆளுக்கு எண்ணிக்கை மாறாது என்று என் கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

"சிறி அண்ணை வீட்டில டியூஷன் எண்டு சொன்னது?"

"பகிடி அண்ணை." மூச்சு விட்டு விட்டுத்தான் கதைத்தான். "நீங்கள் சொல்லுற மாதிரிச் சொல்லப் பழகினனான். சின்னச் சின்ன விசயமெல்லாம் சொல்லவேணும் எண்டு. கதை என்ர. அம்மாவாணை, கதை என்ர." பிறகு, "நம்பிறியளோ அண்ணை?" என்று கேட்டான். அதைப் பலமுறை கேட்டான். கடைசியாகக் கேட்டது ஒன்பது நாற்பதுக்கு.

ஒன்பது ஐம்பதுக்கு மூச்சு நின்றது. நான் மேட்டுக்கு நடந்து பத்துப் பதினைந்துக்கு அவசர இலக்கத்துக்கு அடித்தேன். சற்று முன்தான் விழுந்தான் என்று சொன்னேன். ஹெலிகொப்டர் வந்தபோது உடம்பில் இன்னும் சூடு இருந்தது. நேரத்தை ஒருவரும் சந்தேகப்படவில்லை. அங்கே வந்த பொலிஸ்காரர் அறுந்த பட்டியைப் படம் எடுத்தார், பழைய பட்டி என்றார், டிக்கியில் கிடந்த ஹார்னஸைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பட்டி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். விபத்து என்று முடித்தார்கள். நிஷானியிடம், "உடன முடிஞ்சுது தங்கச்சி, நோவு ஒண்டும் தெரியேல்லை" என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கடைசியில் நீங்களாவது பக்கத்தில் நின்றீர்களே என்றாள்.

நான் இன்னமும் அந்த முன் அறையில்தான் இருக்கிறேன். காலையில் பிள்ளையைப் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறேன். நிஷானி வேலைக்குப் போகவேண்டும் அல்லவா. பிள்ளை என்னைப் பெரியப்பா என்று கூப்பிடும். என் மகள் ரெலிபோனில் கதைப்பதைவிட இது என்னோடு அதிகம் கதைக்கும்.

போன கிழமை அமைச்சரிடமிருந்து பதில் வந்தது. மறுப்புத்தான். இனி மனு இல்லை. நாட்டைவிட்டுப் போவதற்கு ஒழுங்கு செய்யும்படி எழுதியிருந்தது. நிஷானி அதைக் கண்டு அழுதாள். பிறகு போய் அலுமாரியிலிருந்து ஒரு கோப்பைக் கொண்டுவந்து தந்தாள். "இவற்ற விசாக் கேஸ், அண்ணை. ஏதும் உதவுமோ எண்டு பாருங்கோ. இவர் சாகிறதுக்கு முன்னம் சொன்னவர், இதை ஒரு லோயரிட்டக் காட்டி உங்களுக்கு ஏதும் செய்யேலுமோ எண்டு கேக்கவேணும் எண்டு."

எனக்கு இங்கிலிஷ் அதிகம் வராது. ஆனால் ஊர்ப் பெயரையும் நாளையும் வாசிக்க அது போதும். சாவகச்சேரி. பேக்கரி. ஓகஸ்ட் பதினாறு, இரண்டாயிரத்து ஏழு. பிரஷாந்தன் என்ற பெயர் ஒன்பது இடத்தில் இருந்தது. பேசாலை ஒரு இடத்திலும் இல்லை. எறிக் இல்லை. செருப்பு என்ற சொல்லுக்கு இங்கிலிஷில் என்னென்ன எழுதலாமோ அவ்வளவையும் தேடினேன். இல்லை. வந்தவர்கள் நாலு பேர் என்று இருந்தது. ஆகவே முதலில் மூன்று என்று அவன் சொன்னது பிழைதான். அந்த முரணை நான் சரியாகத்தான் பிடித்திருக்கிறேன்.

அந்தக் கோப்பைப் பார்த்த பிறகு மனம் கேட்காமல் இங்கே வந்தேன் என்று நினைக்கவேண்டாம். எப்படியும் அனுப்பப் போகிறீர்கள். போனால் மாக்கிறேட்டுக்கும் மகளுக்கும் முன்னால் பதின்மூன்று வருடம் கழித்து வெறுங்கையோடு நிற்கவேண்டும். சிறையில் இருந்தால் அது கொஞ்சம் பிந்தும். பிறகும் அனுப்புவீர்கள், தெரியும். அதோடு, ஒருமுறையாவது என் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை முரண் இல்லாமல் சொல்லவேண்டும் என்று இருந்தது. சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாள் சரி, நேரம் சரி, எண்ணிக்கை சரி. வெட்டாமல் எடுத்து வந்த பட்டிகள் இரண்டு. அறுந்தது ஒன்று. பார்த்துக்கொண்டிருந்தது இரண்டு மணித்தியாலம் இருபத்தைந்து நிமிடம். சுகிர்தனைக் கொன்றது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே ஒப்பமிடவேண்டும் என்று மொழிபெயர்க்கிற அம்மாவைக் காட்டச் சொல்லுங்கள்.

இதற்கு நீங்கள் எத்தனை வருடம் போட்டாலும் இருந்து முடிப்பேன். அத்தோடு என் பக்கம் சரியாகிவிடும். நம்பிறியளோ என்று சுகிர்தன் கேட்டதற்குத்தான் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு நான் பட்ட கடன் அந்த ஒரு பதில் மட்டும்தான்.